போன பிறகு வந்தவர்கள்

“தேதி பாக்கறதுக்கு ஒரு டிகிரியா? எங்கூட்ல காலண்டர் சும்மாவே தொங்கிக்கினு கீது.”

எனக்கு வேலை கிடைத்த அன்று தாய்மாமன் சொன்ன வாழ்த்து இது. என்ன வேலை என்று அவர்தான் கேட்டார். தொழிற்சாலைகளில் யார் எந்தத் தேதியில் வேலைக்கு வந்தார்கள், எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தார்கள் என்பதையெல்லாம் டேட்டாபேஸிலிருந்து எடுத்து ரிப்போர்ட்டாகக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். இத்தனை பெரிய விளக்கத்தில் அவர் காதில் விழுந்தது ‘தேதி’ மட்டும்தான்.

மாமா வீட்டுக் காலண்டரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர். காலையில் அவசரமாக இருக்கும் என்று முதல் நாள் சாயங்காலமே தாளைக் கிழித்துவிடுவார். உலகத்துக்கு நடுராத்திரியில் நாள் மாறுகிறது. பஞ்சாங்கத்துக்குச் சூரியன் உதிக்கும்போது மாறுகிறது. மாமா வீட்டில் விளக்கு வைத்ததும் மாறிவிடும். ராத்திரிச் சோறு அவருக்கு அடுத்த நாள் கணக்கு. அதற்காக அவரிடம் யாரும் டிகிரி கேட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் உள்ளே போனவர்கள் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனவர்கள். உத்திரமேரூரிலிருந்து ஏனாத்தூர் காலேஜ் வரைக்கும் பஸ் மாறிப் பஸ் மாறி, பெரும்பாலும் நின்றுகொண்டே, படித்து வாங்கிய டிகிரி என்னுடையது. இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். அடக்கம் என்பது மூன்று தலைமுறையாகப் படித்த வீடுகளில் இருக்கும் சாமான். எங்கள் வீட்டில் இன்னும் வாங்கவில்லை.

ஆபீஸ் காஞ்சிபுரத்தில், ஒரு டூவீலர் ஷோரூமின் மாடியில் இருக்கிறது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை அனுப்பும் கம்பெனி. அந்த ஆட்கள் தொழிற்சாலை வாசலில் அட்டையைக் காட்டினால் மெஷின் ‘பீப்’ என்று கத்தும். அந்தக் கத்தல் ஒரு தேதியாகவும் நேரமாகவும் எங்கோ ஒரு சர்வரில் போய் விழும். அதை எடுத்து, கட்டம் கட்டி, வண்ணம் பூசி, மாதா மாதம் அந்தந்தத் தொழிற்சாலைக்கு அனுப்புவது என் வேலை. வந்த நாளுக்குப் பச்சை. வராத நாளுக்குச் சிவப்பு. வந்த நேரம் மட்டும் இருந்து போன நேரம் இல்லையென்றால் மஞ்சள்.

எங்கள் மேலாளருக்கு வண்ணங்கள் பிடிக்கும். நேரம் பிடிக்காது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ரிப்போர்ட்டிலிருந்து நேரத்தை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். ஏன் என்று முதல் வாரத்தில் ஒருமுறை கேட்டேன்.

“தேதி பக்கத்துல மணி, நிமிஷம், செகண்டு, அதுக்கப்புறம் ஒரு புள்ளி, அதுக்கப்புறம் மூணு பூஜ்ஜியம். பாக்கவே கண்ணு வலிக்குதும்மா. ஒரு ஆள் வந்தாரா, வரலையா? தேதி போதாதா?”

போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நேரத்தை வெட்டியதும் ரிப்போர்ட் புதிதாக முடி வெட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி சுத்தமாக இருந்தது. முடியோடு சேர்த்துக் காதையும் வெட்டியிருக்கிறோம் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளையும் அழவில்லை. கம்ப்யூட்டருக்கு அழத் தெரியாது.

ஒரு நாள் ஒரு தொழிற்சாலையிலிருந்து மேலாளர் சாருக்கு மெயில் வந்தது. என்னை அழைத்து வாசித்துக் காட்டினார். உத்திரமேரூர் பஸ்ஸில் வரும் பெண்கள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை, நீங்கள் அனுப்பும் ரிப்போர்ட்டே அப்படித்தான் சொல்கிறது, ஆகவே மாதக் கடைசியோடு அந்தப் பஸ்ஸை நிறுத்திவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். பஸ் நின்றால் அந்தப் பெண்களுக்கு வேலையும் நின்றது என்று பொருள். காலை ஆறு மணி ஷிப்டுக்கு எங்கள் ஊர்களிலிருந்து போய்ச் சேர வேறு வழி கிடையாது. முதல் டவுன் பஸ் எங்கள் ஊருக்குள் வரும்போது அங்கே ஷிப்டு தொடங்கி டீயும் குடித்து முடித்திருப்பார்கள்.

“அந்தப் பக்கத்து ஆளுங்களே இப்படித்தாம்மா,” என்றார் சார். “நடவுன்னா வர மாட்டாங்க. காதுகுத்துன்னா வர மாட்டாங்க. மழை வந்தா வர மாட்டாங்க, வெயில் அடிச்சாலும் வர மாட்டாங்க.”

நானும் அந்தப் பக்கத்து ஆள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் நான் தினமும் அவர் எதிரில் வந்து உட்கார்கிறேன். அதனால் என்னை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது. பெருந்தன்மைதான். நான் நன்றி சொல்லவில்லை.

அந்தப் பஸ்ஸில் என் சித்தி போகிறாள். அம்மாவின் தங்கை. பேக்கிங் வேலை. அதற்கு முன்னால் நடவு, களையெடுப்பு, அறுப்பு. முதுகை நிமிர்த்திக்கொண்டு செய்கிற வேலை என்று அவளுக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்தது இதுதான். அன்று நான் வீட்டுக்குப் போனபோது சித்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் செய்தியைச் சொல்லிவிட்டிருந்தான்.

“இன்னாடி, உன் கம்ப்யூட்டர்ல நாங்க வேலைக்கே வர்லன்னு கீதாமே?”

“அப்படித்தான் கீது சித்தி.”

“நாங்க ரோட்ல போய் நிக்கசொல்ல கோயிகூட முயிக்காது. தெரு நாயி மொதல்ல எங்களப் பாத்துக் கொலச்சிக்கினு இருந்துச்சி. இப்ப அதுவே பஸ்ஸு வர்ற வரிக்கும் எங்ககூட குந்திக்கினு கீது. நாய்க்குத் தெரியுது நாங்க வேலைக்குப் போறது. நீ படிச்ச படிப்புக்குத் தெரில.”

“என்ன ஏன் பேசற? ரிப்போர்ட்டுதான் சொல்லுது.”

“ரிப்போர்ட்ட யாரு எய்தறது? நாயா?”

லேப்டாப்பைத் திறந்து அந்த மாத ரிப்போர்ட்டை எடுத்தேன். சித்தி பெயருக்கு நேரே மிளகாய் காயப்போட்ட மாதிரி ஒரே சிவப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மஞ்சள். அதாவது, வாரம் முழுக்க வேலைக்கு வராமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலைக்குள் போயிருக்கிறாள். போனவள் வெளியே வரவில்லை. ஒவ்வொரு வாரமும் இப்படி. அந்தப் பஸ்ஸில் வந்த எல்லாப் பெண்களுக்கும் இப்படி. சம்பளம் சூப்பர்வைசரின் நோட்டைப் பார்த்துத் தனியாகப் போடுவதால் அங்கேயும் இது இடிக்கவில்லை. ரிப்போர்ட்டைப் படித்த ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பக்கத்து ஆளுங்க, அப்படித்தான் இருப்பார்கள்.

சிவப்புக்கு நடுவில் ஒரே ஒரு பச்சை இருந்தது.

“இந்த வியாழக்கிழமை மட்டும் வந்துக்கிற சித்தி.” தேதியையும் சொன்னேன்.

சித்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “அன்னிக்கா? அன்னிக்குத்தான் வாலாஜாபாத் ரோட்ல கரும்பு லோடு குடை சாஞ்சி, ரோட்டயே அடச்சிக்கினு கெடந்துச்சி. நாங்க போய் சேரசொல்ல ஷிப்டே ஆரம்பிச்சிட்டான். லேட்டு லேட்டுன்னு அந்த சூப்பர்வைசர் எங்கள வறுத்து எடுத்துட்டான்.”

“மத்த நாளெல்லாம்?”

“மத்த நாளெல்லாம் மொத பஸ்ஸே எங்களுதுதான். எங்கள எறக்கி வுட்டுட்டு அந்த டிரைவரு இன்னொரு ட்ரிப்பு அடிக்கணும். வெளக்குகூட போட்டிருக்க மாட்டான், நாங்க போய் கேட்டுல நிப்போம்.”

சீக்கிரம் போன நாளெல்லாம் சிவப்பு. லேட்டாகப் போன நாள் பச்சை.

சித்தி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். “அவ்ளோ சீக்கிரமா கௌம்பறோம் இல்ல, மொத நாளே போய் சேந்துட்டோம் போல கீது. மறுபடியும் சேத்துல எறங்கறதா இல்லியான்னு மட்டும் சொல்லு.”

மொத நாளே போய்ச் சேர்ந்துட்டோம் என்று அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். மறுநாள் ஆபீசில், சார் கண் வலிக்கிறது என்று வெட்டி எறிந்த நேரத்தை டேட்டாபேஸிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. கிண்டல் வார்த்தைக்கு வார்த்தை உண்மையாக இருந்தது.

சர்வர் நம் ஊர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கிரீன்விச் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறது. அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நமக்கு விடிகாலை ஐந்தரை ஆகும்போதுதான் அதற்கு நடுராத்திரி பன்னிரண்டு. அப்போதுதான் அதற்கு நாள் மாறும். சித்தி திங்கட்கிழமை ஐந்தேகால் மணிக்கு அட்டையைக் காட்டினால், சர்வர் அதை ஞாயிற்றுக்கிழமை என்று எழுதிக்கொள்கிறது. மதியம் அவள் வெளியே வரும்போது திங்கட்கிழமை என்று எழுதிக்கொள்கிறது. அவள் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் உள்ளே போனால் அதுவும் திங்கட்கிழமை. ஆக, திங்கட்கிழமைக் கட்டத்தில் அவள் மதியம் வெளியே போகிறாள், அதற்குப் பிறகு உள்ளே வருகிறாள். போன பிறகு வந்தவள் எத்தனை மணி நேரம் வேலை செய்திருப்பாள்? வெளியே காட்டாத நேரத்தை வைத்து ரிப்போர்ட் உள்ளுக்குள் கூசாமல் கணக்குப் போட்டிருந்தது: மைனஸ் பதினைந்து மணி நேரம். மைனஸில் வேலை செய்தவளை வந்தவள் என்று எப்படிச் சொல்வது? அதனால் சிவப்பு.

மற்ற ஊர்ப் பஸ்கள் எல்லாம் ஐந்தரைக்கு மேல் ஆடி அசைந்து வந்து சேரும். அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. எல்லாம் பச்சை. ஐந்தரைக்கு முன்னால் வந்து நிற்கும் ஒழுக்கக்கேடு எங்கள் பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது.

சாரிடம் போனேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தெரியும்மா. அந்த அஞ்சரை மணி நேரத்தை நாங்க ஏற்கெனவே கூட்டியாச்சு. உனக்கு முன்னாடி இருந்த பையன்கிட்ட சொல்லி, நானே நின்னு பண்ண வெச்சேன்.”

கூட்டியிருந்தார்கள், உண்மைதான். முதலில் நேரத்தை வெட்டிவிட்டு, வெறும் தேதியாக ஆன பிறகு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியிருந்தார்கள். நேரத்தை வெட்டிவிட்டால் அந்தத் தேதிக்கு மணி பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தோடு ஐந்தரையைக் கூட்டினால் அதே தேதியில் விடிகாலை ஐந்தரை. அதையும் வெட்டினால் மறுபடி அதே தேதி. மொட்டை அடித்த பிறகு எண்ணெய் வைத்து வகிடு எடுத்திருந்தார்கள், அதுவும் மேற்பார்வையோடு.

“முதல்ல கூட்டணும் சார். அப்புறம்தான் வெட்டணும்.”

“எப்படிக் கூட்டினாலும் கூட்டல் கூட்டல்தானேம்மா? ரிப்போர்ட் நாலு வருஷமா ஓடுது. உங்க ஊர் பஸ்ஸுன்னதும் உனக்கு வருத்தமா இருக்கும், புரியுது. நான் என்ன பண்ண முடியும்? டேட்டா பொய் சொல்லாது.”

அந்தச் சமயத்தில் சாருக்குத் தலைக்கு மேல் வேலை. மகளுக்குக் கல்யாணம். மூன்று ஜோசியர்களைப் பார்த்து, முதல் இருவர் சொன்னதை மூன்றாமவரிடம் சரிபார்த்து நாள் குறித்திருந்தார். மூலைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகையை எனக்கும் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை, தசமி திதி, காலை நாலரையிலிருந்து ஆறுக்குள் முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பேச்சு உண்டு. இந்த மாதிரி முகூர்த்தத்தை யாரும் திங்கட்கிழமை கல்யாணம் என்று சொல்ல மாட்டார்கள். “ஞாயித்துக்கெய்ம ராத்திரி கல்யாணம், விடிஞ்சா திங்கக்கெய்ம” என்பார்கள். அந்த ‘விடிஞ்சா’ இருக்கிற வரைக்கும் யாரும் ஒரு நாள் முன்னால் மொய்க் கவரோடு மண்டபத்தில் போய் நின்றதில்லை. எங்கள் ரிப்போர்ட்டும் விடிகாலையை முந்தின நாளோடுதான் சேர்க்கிறது. ‘விடிஞ்சா’ மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு சாரை என் மேஜைக்கு அழைத்தேன். சோதனைக்கென்று ஒரு வெற்றுக் கணக்கு வைத்திருப்போம். அதில் ஆளின் பெயர் என்ற இடத்தில் ‘மாப்பிள்ளை’ என்று போட்டேன். பத்திரிகையைப் பார்த்து அந்தத் திங்கட்கிழமைத் தேதியையும், உள்ளே வந்த நேரமாக விடிகாலை ஐந்து மணியையும் கொடுத்தேன். அவர் கண் முன்னாலேயே, அவர் நின்று பண்ண வைத்த அதே ரிப்போர்ட்டை ஓடவிட்டேன்.

மாப்பிள்ளை வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை.

சார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

“ஞாயிற்றுக்கிழமை நவமிம்மா,” என்றார், குரல் இறங்கி.

“ஆமா சார்.”

“நவமில யாராவது தாலி கட்டுவாங்களா?”

“ரிப்போர்ட் கட்டச் சொல்லுது சார். திங்கட்கிழமைக்கு நேரே பாருங்க, மாப்பிள்ளை சிவப்பு. வரவே இல்லை.”

பக்கத்து மேஜைக்காரர் இருமுவது போலச் சிரித்தார். சார் அவரைப் பார்க்கவில்லை. பல பெண்கள் மாதக்கணக்கில் சிவப்பாக இருந்தபோது அசையாதவர், ஒரே ஒரு பொய் மாப்பிள்ளை சிவப்பானதும் ஆடிப்போனார். பொய் சொல்லாத டேட்டா இப்போது அவர் சம்பந்தி வீட்டைத் தொட்டிருந்தது.

“இதை மொதல்ல மாத்தும்மா.”

“மாப்பிள்ளையை மட்டும் மாத்தணுமா சார், இல்ல பஸ்ஸையும் சேர்த்தா?”

“எல்லாத்தையும்தான்.”

மாற்றினேன். ஒரு வரிதான். முதலில் கூட்டு, பிறகு வெட்டு. அதோடு நிற்காமல் நேரத்தையும் தேதிக்குப் பக்கத்திலேயே மறுபடி கொண்டுவந்து வைத்தேன், கண் வலிக்காதபடி அந்த மூன்று பூஜ்ஜியங்களை மட்டும் எடுத்துவிட்டு. மாப்பிள்ளை தசமிக்கு வந்து சேர்ந்தார். சித்தியின் வரிசை நாற்றங்கால் மாதிரி பச்சை பிடித்தது. கரும்பு லோடு கவிழ்ந்த வியாழக்கிழமைக்குப் பக்கத்தில் மட்டும் ‘தாமதம்’ என்று நியாயமாக எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைக்குள் யாரும் இல்லை.

திருத்திய ரிப்போர்ட் போன மறுநாள் தொழிற்சாலையிலிருந்து பதில் வந்தது. பார்த்தோம், உத்திரமேரூர் பஸ் தொடரும். மன்னிப்பு, வருத்தம், அந்த மாதிரி வார்த்தைகள் எதுவும் இல்லை. ஒழுங்கில்லாதவர்கள் என்று எழுத ஒரு முழுப் பத்தி வேண்டியிருந்தது. இல்லை, ஒழுங்கானவர்கள்தான் என்பதற்கு அரை வரி போதுமானதாக இருந்தது. மீட்டிங்கில் சார், “சின்ன நேரப் பிரச்சினை, கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டோம்” என்றார். அந்த ‘டோம்’ என்கிற பன்மையில் நானும் எங்கோ ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் மாமாவும் இருந்தபோது சித்திக்கு விஷயத்தைச் சொன்னேன். சித்தி என்னை விட்டுவிட்டு நேராக அவரிடம் திரும்பினாள்.

“ஏண்ணா, உன் வூட்டுக் காலண்டரு எத்தினி பஸ்ஸ நிறுத்தாம வெச்சிது?”

“ஆமா, பெரிய பஸ்ஸு,” என்றார் மாமா. “தேதியத் தப்பாப் போட்டதும் அந்த ஆபீஸு, திருத்தனதும் அந்த ஆபீஸு. இதுக்கு ஒரு பேச்சு.”

அதில் நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார்கள். மாமா வீட்டில் அடுத்த நாள் தொடங்கியிருக்கும் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

அவர் போன பிறகும் சித்தி உட்கார்ந்தே இருந்தாள். சந்தோஷமாக எழுந்து போவாள் என்று பார்த்தால் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அந்த சாலவாக்கம் பஸ்ஸு?”

“எந்த பஸ்ஸு?”

“போன வருசம் நிறுத்தினானே. எங்களுக்கும் முன்னாடி வந்துடுவாளுங்க அவளுங்க. கேட்டைத் தொறக்கறதே அவளுங்களுக்குத்தான். ஒயுங்கா வர்லன்னு சொல்லித்தான வூட்டுக்கு அனுப்பினான்?”

அந்தப் பெண்கள் போனது நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு. எனக்கு அவர்களைத் தெரியாது. மறுநாள் சாரிடம் கேட்டேன். முடிந்துபோன கதை என்றார். அப்போது எல்லோரும் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள், இப்போது அதைக் கிளறினால் தொழிற்சாலைக்காரர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்ததால், “சரிம்மா, கல்யாணம் முடியட்டும், பாக்கலாம்” என்றார்.

சர்வர் நாளைத்தான் தப்பாகச் சொல்லும், எதையும் மறக்காது. சாலவாக்கத்துப் பெண்களின் ஒவ்வொரு ‘பீப்’பும் அப்படியே இருந்தது. முதலில் கூட்டி, பிறகு வெட்டி, நேரத்தையும் பக்கத்தில் வைத்து, அவர்கள் வேலை செய்த மாதங்கள் அத்தனைக்கும் புதிய ரிப்போர்ட் போட்டேன். பச்சை, பச்சை, பச்சை. கேட்டைத் திறக்க வைத்தவர்கள் என்று சித்தி சொன்னது சரிதான். அவர்களைத் தாண்டி முன்னால் வந்தவர்கள் யாரும் இல்லை.

அதை அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு மெயிலாக எழுதினேன். பழைய ரிப்போர்ட் எங்கள் பிழை, இதோ சரியானது, இந்தப் பெண்களைத் திரும்ப அழைத்து, பஸ்ஸையும் திரும்ப விட வேண்டும். அடியில் ‘எங்கள் குழு’ என்று போடுவதுதான் ஆபீஸ் வழக்கம். நான் என் பெயரைப் போட்டேன். இனிஷியலோடு. இனிஷியல் என் அப்பாவுடையது. அவர் கைநாட்டு வைப்பவர்.

கல்யாணம் முடியட்டும் என்று சார் சொன்னது நினைவில்தான் இருந்தது. இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மண்டபத்துக்குப் போய், மணமக்களை வாழ்த்தி, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். விடிந்தால் முகூர்த்தம். ஆனால் சார் நாலு வருடம் நம்பிய பழைய ரிப்போர்ட்டின்படி பார்த்தால் மாப்பிள்ளை இன்றைக்கே தாலி கட்டிவிட்டார்.

மெயிலை அனுப்பிவிட்டேன். நகல் சாருக்கும் போயிருக்கிறது.